ஐஸ் கம்பெனியில் செய்த உறைபனி

பேராசிரியர் பொய் சொன்னார். மறதியால் வந்த பிழை என்று யாரும் எனக்குச் சமாதானம் சொல்ல வேண்டாம். தெரிந்தே சொன்னார்.

போன மாதம் நகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவருக்குப் பாராட்டு விழா நடந்தது. என்னை யாரும் கூப்பிடவில்லை. சுவரொட்டியைப் பார்த்துவிட்டு நானாகப் போனேன். கடைசி வரிசையில், மின்விசிறி ஓடாத மூலையில் உட்கார்ந்தேன். சால்வை போட வந்தவர்கள் எல்லாரும் போட்டு முடித்த பிறகு அவர் மைக்கைப் பிடித்தார்.

"மலையுச்சிப் புல்வெளியில் மரம் வளராததற்கு உறைபனிதான் காரணம் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். நான் இந்தப் புதுச்சேரியில், மீனுக்கு ஐஸ் போடும் ஒரு கம்பெனியில் வைத்து, அது காரணம் இல்லை என்று காட்டினேன். மலையை மொட்டையடித்தது எருமையும் தீயும்தான்" என்றார். கைதட்டினார்கள்.

அந்த ஐஸ் கம்பெனிக்குள் செடிகளைத் தூக்கிக்கொண்டு போனவள் நான். அதற்குப் பிறகு மலையில் நடந்ததைப் பார்த்தவளும் நான். அவரும் என் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தார். அதை அன்றும் சொல்லவில்லை, போன மாதமும் சொல்லவில்லை. அவர் சொல்லாமல் விட்டதால் ஒரு குடும்பம் மலையை விட்டு இறங்கியது. ஒரு சரிவு முழுக்கச் செத்தது.

எனக்கு நயமாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன்.

எழுபதுகளின் நடுவில் தாவரவியல் படித்துவிட்டுக் கருவடிக்குப்பத்தில் வீட்டோடு இருந்தேன். அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. ஆலை ஓடும் நாள் எது, மூடும் நாள் எது என்று தெரியாமல் அவர் தினமும் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிய காலம் அது. அப்போதுதான் பேராசிரியர் கல்லூரி வேலையை விட்டுவிட்டு, கால்வாய்க்கு மேற்கே ஒரு பழைய வீட்டை வாடகைக்குப் பிடித்து, தாவர ஆராய்ச்சிக் கூடம் என்று பலகை மாட்டினார். இன்று அந்தப் பலகையும் இல்லை, வீட்டையும் இடித்துவிட்டார்கள். உதவியாளர் வேலைக்கு நான் ஒருத்திதான் போய் நின்றேன். அதனால் கிடைத்தது.

"இன்னா வேல?" என்று கேட்டார் அப்பா.

"மலையில எந்தச் செடி எங்க மொளைக்குது, ஏன் அங்க மொளைக்குதுன்னு பாக்கணும்."

"அதுபாட்டுக்கு மொளைக்குது. நீ போயி ஏன்னு கேட்டா நின்னுருமா?"

ஆனால் அனுப்பினார். விழுப்புரத்தில் ரயில் பிடித்து, அடிவாரத்தில் இறங்கி, உருளைக்கிழங்கு ஏற்றப் போகும் காலி லாரியில் ஏறி மேலே போவோம். எந்த மலை என்று எழுதப் போவதில்லை. இப்போது அங்கே போனால் நான் சொல்வதில் பாதி இருக்காது.

கடல்மட்டத்தில் பிறந்து வளர்ந்தவள் நான். எங்கள் ஊரில் ஒரு செடி முளைத்தால் அடுத்த தெருவிலும் முளைக்கும், ரெட்டியார்பாளையத்திலும் முளைக்கும். மலையுச்சியில் அப்படி இல்லை. மேலே ஏறியதும் கண்ணுக்கு எட்டிய வரை புல். மலை மடிந்து தண்ணீர் இறங்கும் இடுக்குகளில் மட்டும் காடு. அதைச் சோலை என்பார்கள். அந்த மரங்கள் குட்டையாக, தலை சீவிவிட்டது போல இருக்கும். காற்று சீவிய தலை. உள்ளே போனால் பாசி, ஈரம், பகலிலும் இருட்டு. ஓர் அடி வெளியே வைத்தால் மறுபடி புல். இரண்டுக்கும் நடுவே இடைப்பட்டது என்று எதுவும் கிடையாது.

நாங்கள் கயிற்றால் சதுரம் கட்டி, அதற்குள் என்னென்ன முளைத்திருக்கிறது என்று மண்டியிட்டுப் பார்ப்போம். நின்றபடி பார்த்தால் வெறும் புல். மண்டியிட்டால் அப்படி இல்லை. பாறைமேல் விரல் கனத்துக்கு மண் இருந்தால் அதற்கென்று ஒரு கூட்டம். மண் ஆழமாக இருந்தால் வேறு கூட்டம். தண்ணீர் தேங்கும் பள்ளத்தில், இலையில் பிசின் வைத்துப் பூச்சியைப் பிடித்துத் தின்னும் குட்டிச் செடி. காற்று நேராக அடிக்கும் மேட்டில் எல்லாமே தரையோடு படுத்துக் கிடக்கும். ஒரே பாறைக்குக் கிழக்கே ஒரு வகை, மேற்கே ஒரு வகை. வெயில் எந்தப் பக்கம் முதலில் படுகிறது, மூடுபனி எந்தப் பக்கம் தங்குகிறது, குளிர் எங்கே போய்த் தேங்குகிறது, எல்லாம் சேர்ந்து அங்கே யார் இருக்கலாம் என்று முடிவு பண்ணும். குளிர்காற்று கனமானது, தண்ணீர் போலப் பள்ளத்துக்கு இறங்கி நிற்கும். மேட்டில் பனி விழாத அன்றுகூடப் பள்ளம் வெளுத்திருக்கும். ஊருக்குத் திரும்பினால் எல்லாரும் குறிஞ்சி பூத்ததா என்று மட்டும் கேட்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும்.

அந்தச் சரிவில், ஒரு சோலையின் ஓரத்தில், எருமை வைத்திருந்த ஒரு குடும்பம் இருந்தது. புருஷனை இழந்த ஒரு பெண், அவளுடைய இரண்டு பிள்ளைகள், எருமைகள். மழைக்கு முன்னால் காய்ந்த புல்லில் பட்டை பட்டையாகத் தீ வைப்பார்கள். புதுப்புல் கிளம்பும், எருமை மேயும். பேராசிரியருக்கு அந்தத் தீயைப் பார்த்தாலே ஆகாது. ஒரு காலத்தில் மலை முழுக்கச் சோலையாக இருந்தது, இவர்கள் கொளுத்தி மேய்த்துப் புல்லாக்கிவிட்டார்கள் என்பார். அது அவருடைய எண்ணம். எண்ணம் வைத்துக்கொள்ள யாருக்கும் உரிமை உண்டு.

சிக்கல் என்னவென்றால், வனத்துறை ஆட்கள் அவரிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். இந்தப் புல்வெளி இயற்கையா, இல்லை கெட்டுப்போன காடா? இயற்கை என்றால் அப்படியே விடுவார்கள். கெட்டுப்போன காடு என்றால் எருமைக்காரர்களை இறக்கிவிட்டு, தோல் பதனிடப் பட்டை தரும் வாட்டில் மரத்தை நடுவார்கள். அது வெளிநாட்டு மரம். அதன் நிழலில் சோலை திரும்பி வரும் என்று திட்டம்.

இது அந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஒருநாள் நான் சதுரத்துக்குள் உட்கார்ந்திருந்தபோது வந்து நின்றாள்.

"தாயி, ஒங்க சாரு எழுதுறதுலதான் எங்க பொழப்பு இருக்காம்ல. பாரஸ்ட் கார்டு சொன்னாரு."

"ஆமாங்க்கா. அப்படித்தான் சொல்றாங்க."

"என்னான்னு எழுதுவாக?"

"உள்ளது உள்ளபடி எழுதுவாரு."

"அது எங்களுக்கு ஆகுமா, ஆகாதா?" என்று கேட்டாள்.

உறைபனிதான் கேள்வி. பனி சோலை மரக்கன்றுகளைக் கொல்கிறது என்றால், புல்வெளியில் மரம் இல்லாததற்கு எருமைமேல் பழி போட முடியாது. கொல்லவில்லை என்றால் போடலாம். மலையிலேயே பார்த்தால் என்ன என்று கேட்டேன். மலையில் ஒருநாள் பனி விழும், நாலு நாள் விழாது, ஒரே சீராகக் கிடைக்காது என்றார். நியாயமான பதில். எங்கள் கூடத்தில் குளிர்பெட்டி கிடையாது. அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. ஊருக்கு வடக்கே கடலோரம் ஓர் ஐஸ் கம்பெனி இருந்தது. படகில் வரும் மீனுக்கு ஐஸ் பார் செய்து, உமி போட்டு மூடி, ஓர் அறையில் அடுக்கி வைப்பார்கள். அந்த அறை உறைநிலைக்குக் கீழே இருக்கும். ஆராய்ச்சிக்கென்று வெளிநாட்டில் பெரிய பெரிய இயந்திரம் வைத்திருக்கிறார்கள், நமக்கு மீன் ஐஸ் போதும் என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். அவருக்கு அந்த யோசனைமேல் அவ்வளவு பிரியம்.

பால்பவுடர் டின்னில் வைத்த சோலைக் கன்றுகளை லாரியிலும் ரயிலிலும் கொண்டுவந்து சேர்த்தோம். முதல் நாள் நான் கூடையோடு போனபோது ஐஸ் கம்பெனி மேஸ்திரி வாசலில் மறித்தார்.

"இன்னாம்மா இது, மீன் வெக்கற ரூம்ல கீரக்கட்டு?"

"கீர இல்லண்ணே. மலமரம். குளுரு தாங்குதான்னு பாக்கணும்."

"தாங்கலன்னா?"

"செத்துடும்."

"செத்தா ஐஸ்ல வெக்கறதுதான் இங்க வேலயே. நீ உசுரோட கொண்டாந்திருக்க. சரி, வை. வஞ்சரத்துக்குப் பக்கத்துல வெக்காத, மறந்தாப்புல வித்துடுவேன்."

ஆயுத பூசையன்று இயந்திரத்துக்குச் சந்தனம் வைத்தபோது டின்களுக்கும் பொட்டு வைத்துவிட்டார். கன்றுகளில் மீன் வாடை ஏறிவிட்டது. நான் கூடையோடு தெருவில் நடந்தால் பூனைகள் பின்னால் வரும்.

எப்படிச் செய்தோம் என்பதைக் கவனியுங்கள், இங்கேதான் எல்லாம் இருக்கிறது. சாயங்காலம் கன்றுகளை உள்ளே வைப்போம். காலையில் எடுத்து உமி கொட்டி வைக்கும் கொட்டகையில், இருட்டில், இறக்குவோம். மூடாக்குப் போட்ட வண்டியில் ஏற்றி, கூடத்து வீட்டின் உள்முற்றத்தில் நிழலில் வைப்போம். வெயிலே காட்டவில்லை. புதுச்சேரி வெயில் மலைச்செடிக்கு ஆகாது, பொசுக்கிவிடும் என்று பயம். எந்த ஊர்க்காரனும் மலையிலிருந்து வந்த செடியை இந்த வெயிலில் வைக்க மாட்டான். குழந்தையைப் போலப் பொத்திப் பொத்தி வைத்தோம்.

கன்றுகள் சாகவில்லை. இலை கொஞ்சம் துவளும், மதியத்துக்குள் நிமிர்ந்துவிடும். பல வாரம் பார்த்தோம். அப்படியேதான் இருந்தது. பேராசிரியர் பஜ்ஜி வாங்கிவரச் சொன்னார். "பாத்தியாம்மா? பனி ஒண்ணும் பண்ணல" என்றார். எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது.

மார்கழியில் மலைக்குப் போனோம். அதே வகைக் கன்றுகளைப் புல்வெளிப் பள்ளத்தில் நட்டோம். காலையில் கூடாரத்தை விட்டு வெளியே வந்தபோது பள்ளம் மரக்காணத்து உப்பளம் போல இருந்தது. கன்றுகளின் இலைமேல் பனி பொருக்குத் தட்டியிருந்தது. பிறகு மேட்டைத் தாண்டிச் சூரியன் வந்தது. அந்த உயரத்து வெயில் குளிருக்குள்ளேயே சுடும். பனி உருகிச் சொட்டியது, இலை பச்சையாகத்தான் இருந்தது. பேராசிரியர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். மறுநாள் இலைகள் பழுப்பாயின. அதற்கடுத்த நாள் கருகின.

ஆனால் எல்லாம் கருகவில்லை. எங்கள் கூடாரத்துத் தார்ப்பாயின் நிழல் காலையில் நீளமாக விழும். அந்த நிழலுக்குள் இருந்த கன்றுகள் பச்சையாக நின்றன. பனி அவற்றின் மேலும்தான் விழுந்திருந்தது. வெயில் மட்டும் தாமதமாகப் பட்டது.

பனி தனியாகக் கொல்லவில்லை. பனியில் விறைத்த இலைமேல் உடனே வெயில் அடித்தால் இலை தாங்குவதில்லை. சோலைக்குள் மரக்கூரை இருக்கிறது, அதனால் கன்று பிழைக்கிறது. புல்வெளியில் மறைப்பு இல்லை, சாகிறது. ஐஸ் கம்பெனியில் நாங்கள் பனியைக் கொடுத்தோம், வெயிலைக் கொடுக்கவில்லை. அவரிடம் சொன்னேன். தற்செயல் என்றார். ஊருக்குத் திரும்பியதும் ஐஸ் அறையிலிருந்து எடுத்த சில கன்றுகளைக் காலை வெயிலில் மொட்டைமாடியில் வைத்தேன். கருகின. "அது நம்மூரு சூடும்மா, கணக்குல சேராது" என்றார். அதையும் ஒத்துக்கொள்கிறேன், அது சரியான சோதனை இல்லை.

அதனால் சரியானதைச் செய்தோம். அந்தக் குளிர்காலம் முடிவதற்குள் மறுபடி மேலே போனோம். பள்ளத்தில் புதுக் கன்றுகளை வரிசையாக நட்டு, ஒன்று விட்டு ஒன்றுக்குக் கிழக்குப் பக்கம் மட்டும் குச்சி நட்டுச் சாக்கு கட்டினேன். மேலே திறந்த வானம், பனி எல்லாவற்றின் மேலும் விழும். காலை வெயில் மட்டும் பாதிக்குப் படாது. சாக்கு அந்த எருமைக்காரப் பெண் கொடுத்தது.

"செடிக்குச் சட்டை போடுறீகளாக்கும்?" என்றாள். "மிச்சமிருந்தா எங்க சின்னவனுக்கும் ஒண்ணு போடு."

சாக்கு கட்டியவை பிழைத்தன. கட்டாதவை கருகின. ஒன்று பச்சை, ஒன்று கரி, ஒன்று பச்சை, ஒன்று கரி என்று வரிசையாக நின்றன. பேராசிரியர் அந்த வரிசையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை குனிந்தபடியே நடந்தார். ஓர் இலையைக் கிள்ளினார், விரலில் பொடியாக உதிர்ந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"இத இப்ப எழுத வேணாம்மா" என்றார்.

"ஏன் சார்?"

"ஐஸ் ரூம் முடிவு சுத்தமா இருக்கு. இது கொழப்பும். அப்பறமா தனியாப் பாத்துக்கலாம்."

"வனத்துறைக்கு எதக் குடுக்கப் போறீங்க?"

"இருக்கறதக் குடுக்கணும். கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"இதுவும் இருக்குதே சார். அந்தம்மா பொழப்பு இதுல இருக்கு."

"நாம செடியப் பத்தி எழுதறோம். எருமயப் பத்தி இல்ல."

ஏன் அப்படிச் செய்தார் என்று பல வருஷம் யோசித்தேன். லஞ்சம் வாங்கினார் என்று நான் சொல்லவில்லை, வாங்கவில்லை. ஐஸ் கம்பெனிக் கதையை அதற்குள் அவர் பத்து மேடையில் சொல்லிவிட்டார். கேட்டவர்கள் ரசித்தார்கள். அந்தக் கதையை விட அவருக்கு மனசு வரவில்லை. மரம் நடும் திட்டத்துக்கு ஆலோசகராகவும் அவரைப் போட்டார்கள், அது பிறகு நடந்தது. தீக்கும் மேய்ச்சலுக்கும் பங்கே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. தீ சோலையின் ஓரத்தை நக்கும், எருமை மரக்கன்றை மிதிக்கும், நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அதையும் எழுதி, இதையும் எழுதியிருக்க வேண்டும். அவர் ஒன்றை மட்டும் எழுதினார்.

நான் அடிவாரத்து வன அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "அவர் பேராசிரியர். நீங்க யாரு?" என்றார். உதவியாளர் என்றேன். டீ வரவழைத்துக் கொடுத்து அனுப்பினார். கூடத்துக்குத் திரும்பியபோது என் மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு உழவர்கரைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். வேர், தண்டு, இலை என்று கரும்பலகையில் படம் போடும் வேலை.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையில் மறுபடி அந்த மலைக்குப் போனேன். புல் இல்லை. கயிறு கட்டிய இடம் எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. வாட்டில் மரங்கள் நெருக்கி நின்றன. குளிர்நாட்டு மரம், பனியும் வெயிலும் அதை ஒன்றும் செய்யவில்லை. கீழே காய்ந்த இலை மெத்தையாகக் கிடந்தது. விலக்கிப் பார்த்தேன். வெறும் மண். பூச்சி தின்னும் செடி இருந்த பள்ளம் வறண்டு வெடித்திருந்தது. பாறைக்குக் கிழக்கே ஒரு வகை, மேற்கே ஒரு வகை என்று எழுதினேனே, அந்தப் பாறையைக் கண்டுபிடித்தேன். இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. எருமைகளை அடைக்கும் பட்டி இருந்த இடத்தில் வேலிக்கல் நாலைந்து கிடந்தது.

சில இடங்களில் வாட்டில் நிழலில் சோலைக் கன்றுகள் முளைத்திருந்தன. பேராசிரியர் அதைப் படம் எடுத்துக் காட்டுவார் என்று தெரியும், விழாவிலும் காட்டினார். ஆமாம், முளைத்திருந்தன. நிழல் கிடைத்தது, முளைத்தன. நான் சாக்கு கட்டிக் காட்டியதும் அதைத்தானே?

அந்தப் பெண்ணை அடிவாரத்து ஊர்ச் சந்தையில் பார்த்தேன். ஒரு மண்டி வாசலில் பூண்டு ஆய்ந்துகொண்டிருந்தாள். பெரியவன் லாரியில் மூட்டை ஏற்றுகிறான் என்றாள். சின்னவனைப் பற்றி நான் கேட்டேன். அவள் குனிந்து அடுத்த பூண்டை எடுத்தாள். நான் மறுபடி கேட்கவில்லை.

"எருமைக?" என்றேன்.

"கீழ வெக்கை அதுகளுக்கு ஆகல தாயி. ஒண்ணொண்ணா விழுந்துச்சு. மிச்சம் அடிமாட்டுக்குப் போச்சு." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "உள்ளது உள்ளபடி எழுதுவாருன்ன."

"எழுதல" என்றேன்.

"எங்களுக்கு ஆகாததத்தான் உள்ளபடின்னு எழுதிட்டாகளோன்னு நெனச்சேன்" என்றாள். இத்தனை வருஷமும் அந்த மனுஷி, உண்மையே தனக்கு எதிராக இருந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

பேராசிரியர் ஐயா, உங்களுக்குத்தான் இது. நீங்கள் படிப்பீர்கள், படிக்காவிட்டாலும் யாராவது கொண்டுவந்து காட்டுவார்கள். என்னை வீட்டுக்குக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். வேண்டியவர் மூலமாக ஆள் அனுப்ப வேண்டாம். வயதாகிவிட்டது, விட்டுவிடு என்று யாரும் என்னிடம் சொல்லவும் வேண்டாம். பொய்யை மைக்கில் சொன்னீர்கள், பதிலையும் மைக்கில் சொல்லுங்கள். அதே மண்டபம், அதே ஆட்கள். அடிவாரத்திலிருந்து அந்தப் பெண்ணை நான் கூட்டிவருகிறேன், முதல் வரிசையில் உட்காரட்டும். கேள்வி ஒன்றுதான். சாக்கு கட்டிய கன்றுகள் பச்சையாகவும் கட்டாத கன்றுகள் கருகியும் நின்ற அந்த வரிசையை உங்கள் கண்ணால் பார்த்தீர்களா, இல்லையா? அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.